புறக்கடையில் ஆட்டுப்பட்டி

என் மகள் கருவுற்ற இரண்டாம் மாதத்தில் காய்கறியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கினாள். வெள்ளகோவிலுக்குக் கிழக்கே ஒரு தோட்டத்து வீட்டில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். கிணற்றுப் பாசனத்தில் கத்தரியும் தக்காளியும் விளைவிக்கும் குடும்பம் அது. வாசலில் இறங்கினால் காய் பறிக்கலாம். ஆயினும் அவள் வயிற்றில் தயிர்ச்சோறும் ஊறுகாயும் தவிர வேறெதுவும் தங்கவில்லை. அவளுக்கு இரத்தம் போதாது என்றும், கீரையும் காயும் மிகுதியாக உண்ணவேண்டும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டு, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நானும் என் மனைவியும் அவளைப் பார்க்கச் சென்றோம். மணிக்கட்டில் இருக்க வேண்டிய வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய்ப் பொரியலை அவள் இலையின் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"மருந்து வாசம் அடிக்குதுங்கப்பா. அத்தை நாலு தடவ கழுவித்தான் செய்யறாங்க. எனக்குத்தான் அப்பிடித் தெரியுதோ என்னமோ. வாய்ல வெச்சாக் கொமட்டுது."

அந்த இடத்தில் வேறொரு தந்தையாக இருந்தால் மகளின் தலையை வருடிக்கொடுத்திருப்பார். நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன், ஆகவே சொற்பொழிவாற்றினேன். பூச்சியைக் கொல்வது நஞ்சு என்றும், நஞ்சை மருந்து என்று அழைக்கத் துணிந்த ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்கு எதைத்தான் ஊட்டாது என்றும், மண் ஒரு தாய் என்றும், இன்னும் பல என்றும் பேசினேன். என் சம்பந்தி எதிரே சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஆணியில் அவருடைய மருந்தடிக்கும் எந்திரம் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பேச்சு முடிந்த பிறகே கவனித்தேன்.

"நீங்க படிச்சவீங்க. நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும், சம்மந்தி" என்றார் அவர்.

இத்தகைய பணிவு பேசுபவனுக்குக் கள்ளைப் போன்றது. நான் மேலும் பேசினேன். "ஐப்பசில கட்டுச்சோறு கொண்டாருவமில்லீங்க, அதுல வர்ற காய்கறி மொத்தமும் எங்க ஊட்டுத் தோட்டத்துல வெளைஞ்சதா இருக்கும். ஒரு சொட்டு மருந்து படாம. கண்ணு, நீ அதை வயிறு நெறையச் சாப்பிடலாம்."

ஏழாம் மாதத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் பலவகைச் சோறு சமைத்துக் கட்டி எடுத்துச் சென்று, மாப்பிள்ளை வீட்டில் விருந்திட்டு, மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்துவரும் நாள் அது. உறவு முழுதும் கூடும். அன்றைக்கு ஒரு வாக்குத் தவறினால் அது பேரப்பிள்ளையின் திருமணம் வரை பேசப்படும்.

"நெசமாலுமாங்கப்பா?" என்று மகள் கேட்டாள். கேட்டபோது அவள் முகத்தில் ஒரு பசி தெரிந்தது. பல நாளாக அவளிடம் யாரும் பார்த்திராத பசி.

மகள் மணமாகிச் சென்ற பின்னும் எங்கள் வீட்டில் தோட்டம் என்று ஒன்றும் வரவில்லை என்பதை அந்தக் கூட்டத்தில் என் மனைவி ஒருத்திதான் அறிவாள். அவள் மோரை ஊற்றிக்கொண்டு குனிந்தே இருந்தாள்.

கோவைக்கு மேற்கே வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் இருந்தது. வீடு கட்டியபோது மிஞ்சிய உடைந்த ஓடும், சிமெண்டுக் கட்டியும், துணி காயப்போடும் கம்பியும் அதன் அந்நாளைய விளைச்சல்கள். அதனை ஆடி மாதத்துக்குள் விளைநிலமாக்க வேண்டும். கடையில் விற்கும் வேதியுரம் நஞ்சுக்கு உடன்பிறப்பு, அதைத் தொடமாட்டேன். எருவை வண்டியில் வாங்கலாம். ஆனால் அந்த மாடுகள் எதைத் தின்றன என்று யாருக்குத் தெரியும்? இவ்வாறு சிந்தித்துக் கொண்டிருந்தபோதுதான், எங்கள் குடியிருப்பை அடுத்த காலிமனைகளில் ஒரு செம்மறி ஆட்டுமந்தை மேய்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன்.

கொங்கு நாட்டில் அறுவடை முடிந்த காட்டில் ஆட்டை அடைத்துப் பட்டி போடுவது வழக்கம். மந்தை ஓர் இரவு கிடந்து எழுந்தால் அந்நிலத்துக்கு வேறு எரு வேண்டியதில்லை. பேருந்துச் சன்னல் வழியாக ஆயிரம் முறை பார்த்த காட்சி. ஏக்கர்க்கணக்கில் நன்மை தருவது சென்ட் கணக்கில் எவ்வளவு மிகுந்த நன்மை தரும் என்று என் கணக்கு ஓடியது. ஆட்டுக்காரரை அணுகினேன்.

"ஏனுங்க, நம்ம காட்டுல ஒரு நாளைக்குப் பட்டி போட முடியுமுங்களா?"

"அதுக்கென்னுங்க, போட்டுறலாம். காடு எத்தன ஏக்கருங்க?"

"நாலு சென்ட்டுங்க."

அவர் தோளில் இருந்த தொரட்டியை இறக்கித் தரையில் ஊன்றினார். தம் நாற்பது ஆடுகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

"சின்னக் காடுதானுங்க" என்றார். "எங்கீங்க இருக்குது?"

"ஊட்டுக்குப் பின்னாலைங்க."

"செரீங்க. பொழுது சாயக் கொண்டாரனுங்க."

என் மனைவி பிறந்தது உழவர் குடும்பத்தில். அவளிடம் முன்னரே கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்குத் தோன்றாததற்கு, நான் ஐந்திணைகளை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வந்தவன் என்பதே காரணம். எந்த நிலத்தில் எந்த மரம், எந்தப் பூ, எந்தப் பறவை என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"பட்டி காட்டுல போடுவாங்க, பொடக்காலில ஆராச்சும் போடுவாங்களாங்க?" என்றாள் அவள், புறக்கடையைக் காட்டி. "ஆட்டுப்புழுக்கை சூடுங்க. இத்தனூண்டு எடத்துல அத்தனையும் உழுந்தா வெதை வெந்துபோகும். அப்பறம் அந்த ஆடு என்னென்ன தின்னுபோட்டு வந்திருக்குதோ, அதெல்லாம் இங்க வந்து மொளைக்கும்."

"மரபை இப்படிச் சந்தேகிக்கக் கூடாது அம்மணி" என்று தொடங்கி நான் சிறிது நேரம் பேசினேன். அவள் முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செரீங்க. இனி அந்தப் பொடக்காலியப் பத்தி நான் ஒரு வார்த்த பேசுனா, என்னன்னு கேளுங்க."

நாற்பது ஆடுகளும் வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சென்ற காட்சியைக் குடியிருப்பே வாசலில் நின்று பார்த்தது. ஒன்று வழிதவறி முன்னறைக்குள் வந்து தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நின்றது. அப்போது ஓடிக்கொண்டிருந்த 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை அது நான் பார்க்கும் அதே முகத்தோடு பார்த்ததாக என் மனைவி பின்னாளில் சொன்னாள். மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுச் செம்பருத்தி மறுநாள் காலையில் வெறும் குச்சியாக நின்றது. அந்த வீட்டுக்காரர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். சினத்தைக் கூட 'ங்க' போட்டு வெளியிடுபவர். "பரவால்லீங்க, மழைக்குத் துளுக்குமுங்க" என்றார். அதன் பிறகு ஒரு மாதம் அவர் வீட்டுச் சன்னல்கள் எங்கள் பக்கம் திறக்கப்படவில்லை. எங்கள் அடுக்களைச் சன்னலும் திறக்கப்படவில்லை.

புழுக்கை கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. மண்ணைக் கொத்திப் புரட்டி, பாத்தி கட்டி, ஆடியில் விதைத்தேன். ஒவ்வொரு பாத்திக்கும் அட்டையில் பெயர் எழுதிக் குச்சியில் செருகினேன்: கத்தரி, வெண்டை, அவரை, புடலை, அகத்தி. என் கையெழுத்து அழகானது என்று மாணவர்கள் சொல்வதுண்டு. அந்த ஆண்டு அந்தத் தோட்டத்தில் பழுதின்றி அமைந்தவை அந்த அட்டைகள்தாம்.

கத்தரியும் வெண்டையும் முளைக்கவே இல்லை. அவரை இரண்டு இலை விட்டுப் பழுத்தது. புடலை ஒன்று கொடியாகி, கம்பியைப் பற்றி ஏறி, விரல் நீளத்தில் ஒரு பிஞ்சு விட்டு, அதைக் கண்டு நான் மகளுக்கு அஞ்சலட்டை எழுதிய அன்றே அப்பிஞ்சை உதிர்த்தது. ஆனால் ஆவணி பிறந்ததும் அகத்திப் பாத்தியில் மெல்லிய இறகு போன்ற இலைகளுடன் வரிசை வரிசையாகச் செடிகள் எழுந்தன. அவை அகத்திப் பாத்தியோடு நிற்கவில்லை. கத்தரிக்குரிய இடத்திலும் வெண்டைக்குரிய இடத்திலும் அதே இறகிலைகள். விதை நீரில் அடித்துச் செல்லப்பட்டுப் பரவியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அகத்தி இரத்தம் ஊறச் செய்யும் கீரை. இதைவிட என் மகளுக்கு வேறென்ன வேண்டும்?

அவற்றைத் தவிர வேறு பலவும் அழையாமல் முளைத்தன. நீண்டு கூர்ந்த இலையுடையது, வட்ட இலையுடையது, கரும்பச்சையில் வெள்ளைப் பூ விடுவது என்று பலவகைக் களைகள். களை எடுத்தல் ஓர் அறம் என்ற உணர்வோடு நாள்தோறும் விடியலில் குனிந்து, ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி, பின்மதிலுக்கு அப்பால் இருந்த காலிமனையில் எறிந்தேன். அதே வேளையில் என் மனைவி அந்தக் காலிமனையில் ஒரு கூடையுடன் குனிந்து எதையோ பொறுக்குவதைச் சில நாள் கண்டேன். அடுப்பெரிக்கச் சுள்ளி பொறுக்குகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருந்தது எரிவாயு அடுப்பு.

புரட்டாசியில் செடிகள் முழங்கால் உயரம் வந்தன. கூடவே இலைக்காம்பின் அடியில் இணை இணையாக வெண்ணிற முட்களும் வந்தன. முதல் முள் என் ஆள்காட்டி விரலில் ஏறிய அன்று எனக்கு ஓர் ஐயம் எழத்தான் செய்தது. கத்தரியிலும்தான் முள் உண்டு. நாட்டு வகைகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் உடையவை. ஆகவே இது நாட்டு அகத்தி என்று அவ்வையத்தைத் தீர்த்துக்கொண்டேன். அந்த வாரம் முதலாண்டு மாணவர்களுக்குப் பாலைத்திணை நடந்துகொண்டிருந்தது. வறண்ட நிலத்து வேலமரத்தின் சிறிய இலையையும், இணையாக நிற்கும் வெண்மையான முள்ளையும் கட்டுப் போட்ட விரலை உயர்த்திக் காட்டி நான் வருணித்தேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டனர்.

யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று இதைப் படிப்பவர்கள் கேட்கக்கூடும். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லமாட்டார்கள். பால் கொண்டுவருபவர் ஒருநாள் மதிலருகே நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது என்ன செடீங்க?"

"நாட்டு அகத்திங்க."

"ஓ." அவர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார். "அப்பிடீங்களா. நல்லா வருதுங்க."

எரிவாயு உருளை கொண்டுவந்தவரும் "நல்லா வருதுங்க" என்றார். மின்கணக்கு எடுக்க வந்தவர் "சேமமா வந்திருக்குதுங்க" என்றார். பக்கத்து வீட்டு வங்கியாளரும் ஒருநாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இனி ஆடு மாடு உள்ள வராதுங்க" என்று வாழ்த்தினார். இத்தனை பேர் பாராட்டியதை நான் மகளுக்கு அஞ்சலட்டைகளில் வரிபிசகாமல் எழுதினேன். அவள் ஒவ்வொன்றையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வதாக மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்னார்.

இடையில் பூச்சி விரட்ட, இயற்கை வேளாண்மை நூல் ஒன்றைப் பார்த்து, இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்துக் கரைத்துத் தெளித்தேன். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துத் தெளிக்க வேண்டும் என்பது அந்நூலில் அடுத்த பக்கத்தில் இருந்தது. அன்று முழுவதும் கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தேன். பூச்சிகள் நலமாக இருந்தன.

இக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் வாரத்துக்கு நான்கு நாள் கீரைக் கடைசல் இருந்தது. கீரைக்காரியிடம் வாங்குகிறாள் என்பது என் எண்ணம். என் தோட்டம் உயர உயர என் நாக்கும் உயர்ந்துவிட்டிருந்தது. முதல் கவளத்தை வாயிலிட்டதும் முகத்தைச் சுளிப்பேன்.

"இதில் மருந்து வாடை வருகிறது."

"வருதுங்களா?"

"உனக்குத் தெரியவில்லையா? ஒரு கசப்பு. அடியில் ஒரு நெடி. நம் தோட்டத்துக் கீரை வரட்டும்; அப்போது தெரியும் வேறுபாடு."

"செரீங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

ஊற்றச் சொல்வேன். வாடை என்று சொன்ன ஒருநாளும் நான் மிச்சம் வைத்ததில்லை என்பதையும் இங்கே ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும்.

ஐப்பசி முதல் வாரத்தில் கட்டுச்சோற்றுக்கு நாள் குறிப்பதற்காகச் சம்பந்தி வந்தார். கையில் அவர்கள் தோட்டத்து முருங்கைக்காய் ஒரு பெருங்கட்டு. காப்பி அருந்தி, நாள் பேசி முடித்தோம். பத்து நாள் இருந்தது. பிறகு, "புள்ள எந்நேரமும் உங்க தோட்டத்தப் பத்தியேதானுங்க பேசறா. ஒரு எட்டுப் பாத்துபோட்டுப் போறனுங்க" என்று எழுந்தார். நான் முன்னே நடந்தேன். என் மனைவி அடுக்களைக் கதவருகே நின்றுகொண்டாள்.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திகளுக்கு இடையே மெல்ல நடந்தார். அட்டைகளைப் படித்தார். 'வெண்டை' என்ற அட்டையின் பக்கத்தில் நின்ற செடியை நெடுநேரம் பார்த்தார். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் எல்லாம் பளபளவென்று இருந்தன. அவர் திரும்பியபோது முகத்தில் கேலியின் நிழல்கூட இல்லை.

"ஏனுங்க சம்மந்தி, வேலிக்குங்களா?"

நான் செடியைப் பார்த்தேன். சிறிய இறகிலை, இணை முள், வெண்மை. என் குரலிலேயே என் வகுப்பு எனக்குக் கேட்டது. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நான் நட்டுவந்த மரம் என் முழங்காலை உரசிக்கொண்டு நின்றது.

"ஆமாங்க" என்றேன். "வேலிக்குத்தானுங்க."

"நல்ல மரமுங்க. எங்க கொரங்காட்டு மேய்ச்சல்ல ஆடு போற பக்கமெல்லாம் இதே வெள்வேலந்தானுங்க. கோடைல ஆட்டுக்கு இந்தக் காய்தான் தீனி. கையில வெதைச்சா லேசுல வராதுங்க. ஆடு தின்னு புழுக்கையோட போட்டாத்தான் இப்பிடி ஒண்ணாட்ட மொளைக்கும்." அவர் குனிந்து ஒரு செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தார். "எங்க பக்கத்து ஆடு ஏதோ வந்திருக்குதுங்க."

காய்கறி எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே தரையைப் பார்த்துப் பேசினார்.

"நாங்க அடிக்கற மருந்துனாலதான் புள்ளைக்கு இப்பிடி ஆகுதோன்னு எங்க ஊட்டுலயும் சங்கடமா இருக்குதுங்க. நீங்க அன்னிக்குச் சொன்னதுல இருந்து கத்தரிக்கு ரண்டு தடவ அடிக்கறத நிறுத்திப்போட்டனுங்க. பாதிக்காய் சொத்தையாப் போச்சு. போனாப் போகுதுங்க. உங்க தோட்டத்துக் காய்னாத் தின்னுருவேன்னு புள்ள சொல்றா. அதுதானுங்க எங்களுக்கு வேணும்."

அவர் பேருந்து ஏறிய பின் நான் அடுக்களைக்குள் சென்று முக்காலியில் அமர்ந்தேன். ஒரு மனிதர் என் பேச்சை நம்பித் தம் விளைச்சலில் பாதியைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பெண் என் அஞ்சலட்டைகளைத் தலைக்கு அடியில் வைத்துப் படுக்கிறாள். என்னிடமோ முட்செடிகளும் ஐந்து அட்டைகளும் இருந்தன.

"அம்மணி, என்ன செய்வது?"

அவள் என்னைப் பார்க்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தப் புறக்கடையைப் பற்றிய முதல் சொல் வந்தது.

"நாளைல இருந்து களை புடுங்காம இருங்க. அது போதும்."

எனக்கு விளங்கவில்லை. அவள் முறத்தை என் பக்கம் நகர்த்தினாள். அதில் நீண்டு கூர்ந்த இலை, வட்ட இலை, வெள்ளைப் பூவோடு கரும்பச்சை இலை. அன்று காலையில் நான் பிடுங்கி எறிந்தவை அனைத்தும் மண் உதறப்பட்டு அடுக்கிக் கிடந்தன.

"இது பண்ணைக்கீரை. இது தொய்யக்கீரை. இது சுக்குட்டி, மணத்தக்காளிம்பாங்களே, வயித்துக்கு அத்தன நல்லது. ஆட்டெருவுக்கு அத்தனையும் தளதளன்னு வந்துச்சு. தெனமும் நீங்க மதிலுக்கு அந்தப்பக்கம் போட்டீங்க, நான் போய் எடுத்தாந்தேன். ரண்டு மாசமா இதத்தானுங்க தின்னுட்டு இருக்கறீங்க."

"அப்படியென்றால் நான் மருந்து வாடை என்று..."

"நேத்தும் சொன்னீங்க. சொல்லிப்போட்டு மூணு கரண்டி வாங்கித் தின்னீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"பேச மாட்டேன்னு சொன்னனில்லீங்க. இப்பவும் உங்களுக்காகப் பேசுல. புள்ளைக்காகத்தான் பேசறேன்."

அடுத்த பத்து நாளும் நான் களைக்குக் காவல் இருந்தேன். மழை விட்ட நாளில் களைக்கு நீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று உள்ளே வந்தபோது, களையைக் காக்க அதைத் துரத்திக்கொண்டு வெள்வேலத்தில் வேட்டியைக் கிழித்துக்கொண்டேன். மதிலுக்கு மேல் தோன்றிய வங்கியாளரிடம், "கீரைங்க" என்று விளக்கினேன். "நல்லா வருதுங்க" என்றார் அவர். அவர் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு அதன் பிறகு தெரியவே இல்லை.

கட்டுச்சோற்றன்று காலையில் ஒரு வேனில் புறப்பட்டோம். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று ஏழு வகைச் சோறு பெரும்பாத்திரங்களில் வாழையிலை மூடிச் சென்றது. பொரியலுக்கும் கூட்டுக்கும் வேண்டிய காய்கள் மேட்டுப்பாளையத்துச் சந்தையிலிருந்து வந்தவை; என் வாக்குக்கு அவை எதிர்ச்சான்றுகள். என் மனைவி மட்டும் ஒரு தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் அதன் மூடியில் கையை அழுத்தியபடி அமர்ந்திருந்தாள். சீர்விருந்தில் கீரைக் கடைசல் வைக்கும் வழக்கம் இல்லை. அதுபற்றி யாரேனும் கேட்டால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

பந்தலில் மகளை நடுவில் அமர்த்தி இலை போட்டார்கள். உறவினர் இருபுறமும் அமர்ந்தனர். அவள் இலையில் ஏழு சோறும் விழுந்தன, காய்களும் விழுந்தன. வழக்கம்போல அவள் விரல் காய்களை ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கியது. தள்ளுவதற்கு முன் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் தாங்கவில்லை, பந்தல்காலை ஆராய்ந்தேன்.

அப்போது என் மனைவி குனிந்து, வெறும் சோற்றின் மேல் இரண்டு கரண்டி கீரையை ஊற்றினாள்.

மகள் முதலில் முகர்ந்தாள். சம்பந்தியம்மாள் தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். மகள் சோற்றைப் பிசைந்தாள். ஒரு சிறு கவளம் எடுத்தாள். வாயில் வைத்து மெல்லாமல் சற்று நேரம் இருந்தாள். பிறகு விழுங்கினாள். அடுத்த கவளம் பெரியதாக இருந்தது. இலையின் அந்தப் பகுதி வெறுமையாகும் வரை அவள் தலை நிமிரவில்லை.

"அம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

சம்பந்தியம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சம்பந்தி என் பக்கம் திரும்பினார். எல்லார் காதிலும் விழும்படி, மகிழ்ச்சியோடுதான் கேட்டார்: "சம்மந்தி, எல்லாமே உங்க தோட்டத்துதானுங்களா?"

தலையசைத்திருந்தால் போதும். ஏழு வகைச் சோற்றுக்கும் காய்க்கும் நானே உரியவனாகி, பெருமையோடு வேனில் ஏறியிருப்பேன். ஆனால் சொத்தை விழுந்த பாதிக் கத்தரிக்காய் என் கண்முன் வந்தது.

"கீரை மட்டுந்தானுங்க" என்றேன். "அதும் நான் வெதைக்கலீங்க. நான் புடுங்கி எறிஞ்சதுங்க. இவதான் பொறுக்கிக் கொண்டாந்து ஆக்குனா. பாக்கிக் காயெல்லாம் சந்தைல வாங்குனதுங்க."

யாரோ இருமினார்கள். மகள் வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க வெதைச்சதெல்லாம் என்னாச்சுங்கப்பா? லெட்டர்ல எல்லாம் எழுதுனீங்களே, அகத்தி நல்லா வருதுன்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி பதில் சொன்னார்.

"அது வேலிக்குன்னே போட்டது அம்மணி. உங்கப்பா அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டாருங்க."

அவர் முகம் அப்போதும் பணிவாகவே இருந்தது. முதலில் என் மனைவிதான் சிரித்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டும் அடங்கவில்லை. மகளுக்குப் புரையேறியது, செம்புத் தண்ணீர் அதற்குப் பயன்பட்டது. புரை தணிந்தபின் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூன்றாம் முறை கீரை கேட்டாள்.

அன்று மாலையே அவள் எங்களோடு வீட்டுக்கு வந்தாள். தை மாதத்தில் பேரன் பிறக்கும்வரை, விடியலில் நான் புறக்கடைக்குச் சென்றால் பின்வாசலில் அவள் வந்து நிற்பாள். "அப்பா, அதைத் தொடாதீங்க. அதையுந்தான். நீங்க சும்மா நில்லுங்க" என்பாள். நானும் நிற்பேன். என் மனைவி பறிப்பாள். 'வெண்டை' என்ற அட்டையை அவர்கள் பிடுங்கவில்லை. அதன் கீழ்தான் பண்ணைக்கீரை அடர்ந்து வந்தது.

வெள்வேல நாற்றுகளில் முப்பதை மண்ணோடு பெயர்த்து, ஈரச்சாக்கில் சுற்றி, சம்பந்தி கேட்டபடி கார்த்திகையில் ஒருநாள் பேருந்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடத்துநர் முள்ளைப் பார்த்துவிட்டு என்னைக் கடைசி இருக்கைக்கு அனுப்பினார். கொரங்காட்டின் ஓரத்தில் அவற்றைத் தாமே நட்டதாகவும், ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்றும், எல்லாம் நல்லா வருதுங்க என்றும் சம்பந்தி பின்னர்ச் சொன்னார்.

நான் போய்ப் பார்க்கவில்லை.